அபினை எதிர்த்த டாக்டர் மீதே அபின் வழக்கு: பினாங்கு வூ லியன் தேவின் கதை

ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குள் போறீங்க. கல்லாவுக்குப் பக்கத்தில் சூயிங்கம் பாக்கெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. வாங்கலாம், மெல்லலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டாங்க. அதே பாக்கெட்டுகளை ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கிட்டு, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வந்து விற்கப் பார்த்தால்? 1992ஆம் ஆண்டிலிருந்து அது குற்றம். பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். அந்த ஒரு கிலோமீட்டரில் சூயிங்கம் மாறவில்லை. சட்டம் மாறிவிட்டது.

கொலையும் திருட்டும் தப்பு என்று சொல்ல யாருக்கும் சட்டப் புத்தகம் தேவையில்லை. ஆனால் ஒரு பொருளை வைத்திருப்பது, விற்பது, புகைப்பது என்பதெல்லாம் அப்படி இல்லை. யாரோ உட்கார்ந்து எழுதிய பிறகுதான் அவை குற்றமாகின்றன. யார் எழுதினாங்க? எதுக்காக எழுதினாங்க? எழுதியபோது யாருடைய கல்லா நிறைந்தது?

இந்தக் கேள்விகளோடு ஒருவருடைய வாழ்க்கையைப் பார்க்கலாம். அவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கொவிட் காலத்தில், 2021 மார்ச் 10ஆம் தேதி, கூகுள் முகப்பில் அவருடைய படம் வந்தது. முகக்கவசத்தின் முன்னோடி என்று எல்லாரும் அவரைப் பற்றிப் பேசினோம். டாக்டர் வூ லியன் தே. பினாங்குக்காரர்.

முகக்கவசக் கதை பலருக்குத் தெரியும். அவர் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கிய கதை அவ்வளவாகத் தெரியாது.

பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை

1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி பினாங்கில் பிறந்தார் வூ. அப்பா தென்சீனாவிலிருந்து வந்த பொற்கொல்லர். அம்மா பினாங்கிலேயே பிறந்தவர். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். பள்ளிக்கூடம், பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். அங்கே அவருக்கு வூ லியன் தே என்ற பெயரே கிடையாது. அவருடைய பெயர் ஹொக்கியன் உச்சரிப்பில் ங்ஓ லியன் டக் என்று எழுதப்பட்டது. மாண்டரின் உச்சரிப்பிலான பெயர் பிற்பாடு சீனாவுக்குப் போனபோது வந்தது.

1896இல் குயீன்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. அந்தக் காலத்தில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்க அரசாங்கம் திறந்துவைத்திருந்த கதவு அது ஒன்றுதான். கதவும் ரொம்பச் சின்னது. பதினேழு வயதுப் பையன் கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவர். லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் பயிற்சி, லிவர்பூலில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பு, பாரிஸில் பாஸ்டர் நிலையம், ஜெர்மனியில் ஆய்வு. 1903இல் ஊர் திரும்பினார்.

திரும்பினவருக்கு என்ன பதவி கிடைத்திருக்கும்னு நினைக்கிறீங்க? பெரிய பதவி எதுவும் இல்லை. காலனித்துவ மருத்துவச் சேவையின் மேல்நிலைப் பதவிகள் எல்லாம் ஐரோப்பியர்களுக்குத்தான். ஏறத்தாழ ஓராண்டு கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வு நிலையத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். ஈயச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய் அது. பிறகு 1904 இறுதியில் பினாங்குக்கே வந்து, சூலியா ஸ்ட்ரீட்டில் சொந்தமாக கிளினிக் திறந்தார்.

சூலியா ஸ்ட்ரீட் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு பொறி தட்டியிருக்கும். சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரில் அமைந்த வீதி அது. ஒரு முனையில் சீனக் கடை, இன்னொரு முனையில் தமிழ்க் கடை, நடுவில் கேம்பிரிட்ஜில் படித்த டாக்டர். அப்படிப்பட்ட ஒரு ஊர்.

அப்போ அபின் குற்றமே இல்லையா?

கிளினிக்குக்கு வந்த நோயாளிகளில் பலரிடம் வூ கண்டது ஒரே பிரச்சினை. அபின். ரிக்‌ஷா இழுப்பவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள். உடம்பு வலியை மறக்க ஒரு இழுப்பு, அடுத்த நாள் எழுந்திருக்க இன்னொரு இழுப்பு. சம்பாதிக்கிற காசு அதிலேயே கரைந்துபோகும்.

இன்றைக்கு அபின் என்றாலே தூக்குமேடை ஞாபகம் வருகிற நமக்கு இது விசித்திரமாக இருக்கும்: அன்றைக்கு அபின் கடை என்பது சாதாரணக் கடை. அரசாங்கத்தின் உரிமத்தோடு நடந்த கடை. அபின் இந்தியாவிலிருந்து, வங்காளத்துப் பக்கமிருந்து, பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும். அதைக் காய்ச்சிப் புகைப்பதற்கேற்ற பாகாக மாற்றுவாங்க. அந்தப் பாகுக்குப் பெயர் சண்டு.

அதைக் காய்ச்சி விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. ஏலம் எடுத்தவர் அல்லது எடுத்த கூட்டணி, குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு அந்த ஊரிலேயே சண்டு விற்கும் ஒரே ஆள். நம்ம பேச்சில் சொன்னால், குத்தகை. அரசாங்கத்துக்கு மாதாமாதம் குத்தகைப் பணம் வந்துவிடும். நீரிணைக் குடியேற்றப் பகுதிகளான சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி இப்படி அபினிலிருந்து வந்தது. நீங்க நடக்கிற ரோடு, ஏறி இறங்குகிற துறைமுகம் எல்லாவற்றிலும் அந்தப் பாதி இருந்தது.

அப்படின்னா அபின் விஷயத்தில் குற்றவியல் சட்டமே இல்லையா? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கணும். சட்டம் இருந்தது. கடுமையாகவே இருந்தது. குத்தகைக்காரர் விற்காத அபினை வைத்திருந்தால் குற்றம். கள்ளத்தனமாகக் கொண்டுவந்தால் குற்றம். வீட்டில் காய்ச்சினால் குற்றம். இதைப் பிடிக்கக் குத்தகைக்காரர்களே தனியாக ஆட்களை வைத்திருந்தாங்க. சிந்தெங் என்று அவர்களைச் சொல்வார்கள். கிட்டத்தட்ட தனியார் போலீஸ். சந்தேகப்பட்ட இடத்தில் புகுந்து தேடுவது, பிடித்துக்கொண்டு போவது, நீதிமன்றத்தில் நிறுத்துவது எல்லாம் அவர்கள் வேலை.

அதாவது, அபின் புகைத்து ஒருவன் எலும்பும் தோலுமாகப் போவதைச் சட்டம் தடுக்கவில்லை. அவன் வேறு ஆளிடம் மலிவாக வாங்குவதைத்தான் தடுத்தது. குற்றம் என்ற சொல் ஒரு ஏலத்தின் லாபத்துக்குக் காவல் நின்றது.

மலாயாத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதுசாகத் தோன்றாது. தாத்தா பாட்டியிடம் தோட்டத்துக் கள்ளுக்கடை பற்றிக் கேட்டுப் பாருங்க. தோட்டத்தில் உரிமம் பெற்ற கடையில் கள் குடிக்கலாம். கொல்லைப்புறத்தில் சம்சு காய்ச்சினால் போலீஸ் வரும். குடி கெடுத்தது இரண்டும்தான்.

சங்கம், மாநாடு, எதிரிகள்

வூ சும்மா மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு உட்காரவில்லை. சிங்கப்பூரில் டாக்டர் லிம் பூன் கெங், வழக்கறிஞர் சோங் ஓங் சியாங் இருவரும் அவருக்கு நண்பர்கள். மூவரும் ஆங்கிலம் படித்தவர்கள், மூவருக்கும் தங்கள் சமூகத்தைச் சீர்திருத்தணும் என்ற தவிப்பு. ஒரே பத்திரிகையிலும் சேர்ந்து வேலை செய்தார்கள். பினாங்கில் அபின் எதிர்ப்புச் சங்கம் உருவானபோது வூ அதன் முன்னணியில் நின்றார். 1906இல் மலாயாவின் பல ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி ஈப்போவில் ஒரு பெரிய மாநாடு நடத்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சீனப் பேரரசும், பத்து ஆண்டுகளுக்குள் அபினை ஒழிக்கப்போவதாக ஆணை பிறப்பித்தது. காற்று திரும்ப ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில் மலாயாவில் ஒரு மூலிகை மோகமும் கிளம்பியது. சிலாங்கூர்க் காடுகளில் வளரும் ஒரு கொடியின் இலையைக் காய்ச்சிக் குடித்தால் அபின் பழக்கம் விட்டுப்போகும் என்று செய்தி பரவ, அதை வாங்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். அந்த இலைக்கு நிஜமாகவே அப்படி ஒரு சக்தி இருப்பதாக ஆய்வில் தெரியவரவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது: விடணும் என்று நினைத்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். விட உதவி செய்ய ஆள்தான் இல்லை.

எதிரிகள் யார்? பிரிட்டிஷ் அரசாங்கம் மட்டும்தான் என்று நினைச்சிடாதீங்க. பினாங்கின் அபின் குத்தகைகளில் பணம் போட்டிருந்தவர்கள் அந்த ஊரின் பெரிய சீனக் குடும்பங்கள். கோயிலுக்கும் பள்ளிக்கும் நன்கொடை கொடுத்தவர்கள், வூவை விருந்துகளில் சந்தித்திருக்கக்கூடியவர்கள். ஒரு பொற்கொல்லரின் மகன் அவர்களுடைய வருமானத்தின் மேல் கை வைத்தார். எனக்குப் பட்ட வரையில், தூரத்தில் இருக்கிற அரசாங்கத்தை எதிர்ப்பதைவிடச் சொந்த ஊரின் பெரிய மனிதர்களை எதிர்ப்பதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

ஒரு அவுன்ஸ்

1907ஆம் ஆண்டு. சூலியா ஸ்ட்ரீட் கிளினிக்கில் சோதனை நடந்தது. மருந்து அறையில் கிடைத்தது ஓபியம் டிங்ச்சர், ஒரு அவுன்ஸ்.

ஓபியம் டிங்ச்சர்னா என்ன? அபினைச் சாராயத்தில் கரைத்துச் செய்த மருந்து. இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வலிக்கும் அந்தக் காலத்து டாக்டர்கள் சொட்டுக் கணக்கில் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் சாதாரண வீட்டு மருந்துப் பெட்டியிலேயே அது இருக்கும். ஒரு அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். இரண்டு மேசைக்கரண்டி.

அந்த இரண்டு கரண்டி மருந்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்தார் என்று வழக்கு. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது.

கற்பனை செய்து பாருங்க. வெளியே அதே நகரத்தில் உரிமம் பெற்ற கடைகளில் சண்டு விற்றுக்கொண்டிருக்கிறது. புகைப்பவர்கள் பலகைக் கட்டிலில் சாய்ந்து படுத்திருக்கிறார்கள். உள்ளே, கூண்டில் நிற்பவர் அந்தக் கடைகளை மூடச் சொன்ன டாக்டர். அவருடைய அபின் எதிர்ப்பு வேலை சிலருடைய லாபத்தைத் தொட்டதால்தான் இந்தச் சோதனை வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் தீர்ப்பு சரியாகக்கூட இருந்திருக்கலாம். அதுதான் இதில் உறுத்தலான விஷயம். பொய் சாட்சியும் தேவைப்படவில்லை, சட்டத்தை வளைக்கவும் வேண்டியதில்லை. எல்லாருடைய மருந்து அலமாரியிலும் இருக்கக்கூடிய ஒன்றுக்காக, யாருடைய அலமாரியைத் திறப்பது என்று தேர்ந்தெடுத்தாலே போதுமானதாக இருந்தது.

அதே 1907இல் அரசாங்கம் அபின் பழக்கத்தை ஆராய ஒரு ஆணைக்குழுவை நியமித்தது. மறு ஆண்டு அறிக்கை வந்தது. தடை வேண்டும் என்று அது சொல்லவில்லை. குத்தகைக்காரர்களை எடுத்துவிட்டு அரசாங்கமே வியாபாரத்தை நடத்தலாம் என்ற வழிதான் திறந்தது. 1910இல் அப்படியே நடந்தது. அரசாங்கமே சண்டு காய்ச்சியது, அரசாங்கமே விற்றது. சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் பக்கம் புக்கிட் சண்டு என்று ஒரு குன்று இருக்கே, 1942இல் மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய இடம், அதற்கு அந்தப் பெயர் வந்ததே அடிவாரத்தில் இருந்த அபின் தொழிற்சாலையால்தான். சண்டுக் குன்று.

வூ அதற்குள் ஊரில் இல்லை. சீனாவின் செல்வாக்குமிக்க அதிகாரி யுவான் ஷிகாயிடமிருந்து அழைப்பு வந்திருந்தது. 1908இல் தியன்ஜின் நகரின் ராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராகப் போய்ச் சேர்ந்தார்.

ஹார்பின்: குற்றமான ஒன்றைத் தெரிந்தே செய்தவர்

இரண்டு ஆண்டு கழித்து, 1910 டிசம்பர் 24ஆம் தேதி, அவர் ஹார்பின் நகரில் ரயிலை விட்டு இறங்கினார். மஞ்சூரியாவின் குளிர்காலம். ஒரு மர்ம நோய் ஆட்களைச் சில நாட்களிலேயே கொன்றுகொண்டிருந்தது. காய்ச்சல், இருமலில் ரத்தம், மரணம். வூவுக்கு வயது 31. கூட வந்தவர் உதவியாளராக ஒரு மாணவர்.

என்ன நோய் என்று தெரியணும்னா சடலத்தை அறுத்துப் பார்க்கணும். ஆனால் அன்றைய சீனாவில் சடலத்தைச் சிதைப்பது பெரும் பாவம், சட்டப்படியும் குற்றம். அவர் வந்த மூன்றாம் நாள், விடுதி நடத்திவந்த ஒரு ஜப்பானியப் பெண் இறந்துபோனார். ஆரவாரம் இல்லாமல் ஓர் அறைக்குள் அந்தச் சடலத்தை வூ சோதித்தார். நுரையீரலில் பிளேக் கிருமிகள் இருந்தன.

எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுவதுதான் பிளேக் என்று அதுவரை மருத்துவர்கள் நம்பினார்கள். இது மூச்சுக்காற்றில் பரவும் பிளேக் என்று வூ முடிவுக்கு வந்தார். அப்படியானால் வாயையும் மூக்கையும் மூடணும். மெல்லிய துணிக்கு நடுவே பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் மலிவான கவசத்தை உருவாக்கி எல்லாரையும் போடச் சொன்னார். கெரால்ட் மெஸ்னி என்ற அனுபவமிக்க பிரெஞ்சு டாக்டர் அதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரி 11ஆம் தேதி அவரே பிளேக்கில் இறந்தார். அதன் பிறகு கவசம் போடச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்தது இன்னும் கஷ்டமான வேலை. ஃபூஜியாடியான் என்ற பகுதியில்தான் நோய் உச்சம். சுமார் 24,000 பேர் வாழ்ந்த இடம். வூ அதைப் பகுதி பகுதியாகப் பிரித்தார், வீடு வீடாகச் சோதிக்க ஆட்களை அனுப்பினார், போக்குவரத்தை நிறுத்த ராணுவத்தைக் கொண்டுவந்தார். ரயில் பெட்டிகள் தனிமைப்படுத்தும் இடங்களாக மாறின. நேற்றுவரை சாதாரணமாக இருந்த காரியங்கள் எல்லாம், பக்கத்துத் தெருவுக்குப் போவது, ரயிலில் ஊருக்குப் போவது, ஒரே இரவில் தடை செய்யப்பட்டவை ஆயின. 2020இல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்கு வெளியே சவப்பெட்டிகள் வரிசையாகக் கிடந்தன. நிலம் கல்லாக உறைந்திருந்ததால் தோண்ட முடியவில்லை. எரிக்கணும். ஆனால் முன்னோரின் உடலை எரிப்பது என்பது அந்த மக்களுக்கு நினைத்தே பார்க்க முடியாத விஷயம். சிங் ஆட்சியின் சட்டமும் அதைத் தடுத்தது. இந்த முறை வூ தானாகச் செய்யவில்லை. பேரரசின் அனுமதி கேட்டார். சில நாள் காத்திருப்புக்குப் பிறகு அனுமதி வந்தது. 1911 ஜனவரி 31ஆம் தேதி, சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்கள் எரியூட்டப்பட்டன. நோய் தணிய ஆரம்பித்தது. மார்ச் தொடக்கத்தில் ஃபூஜியாடியானில் புதிய நோயாளிகளே இல்லை. மஞ்சூரியா முழுவதும் அந்தக் கொள்ளைநோய் சுமார் 60,000 பேரைக் கொன்றிருந்தது.

இப்போ பினாங்கு நீதிமன்றத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அங்கே யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு பாட்டிலுக்காகக் குற்றவாளி. இங்கே சட்டம் உண்மையிலேயே தடுத்த காரியத்தைச் செய்தவருக்குப் பேரரசின் பாராட்டு, 11 நாட்டு நிபுணர்கள் கூடிய பிளேக் மாநாட்டில் தலைவர் நாற்காலி. ஒரே மனிதர். நடுவில் நான்கே ஆண்டு. 1913இல், சீனக் குடியரசு சடலங்களை மருத்துவ ஆய்வுக்காகச் சோதிக்க முறைப்படி அனுமதி அளித்தது. அதற்காக வலியுறுத்தியவர்களில் வூ முக்கியமானவர்.

எரிந்த பெட்டிகள்

பிளேக் அவரைப் புகழ்பெற வைத்தாலும் அபினை அவர் விட்டுவிடவில்லை. 1911 டிசம்பரில் ஹேக் நகரில் பன்னாட்டு அபின் மாநாடு தொடங்கியது. சீனா அனுப்பிய குழுவில் வூவும் இருந்தார். 1912 ஜனவரி 23ஆம் தேதி உடன்பாடு கையெழுத்தானது. போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான முதல் உலக உடன்படிக்கை அதுதான். இன்று உலக நாடுகள் பெரும்பாலானவற்றில் இருக்கும் போதைப்பொருள் சட்டங்களின் வேர் அங்கே இருக்கிறது. சூலியா ஸ்ட்ரீட்டில் அபராதம் கட்டியவர் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்.

புகைக்கும் அபினைப் படிப்படியாக ஒழிக்கணும் என்று அந்த உடன்படிக்கை சொன்னது. பிரிட்டனும் கையெழுத்துப் போட்டது. படிப்படியாக என்ற சொல் எவ்வளவு வசதியானது பாருங்க. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரசாங்கச் சண்டுக் கடைகள் அதற்கப்புறமும் பல ஆண்டு திறந்தே இருந்தன.

சீனாவில் 1919 ஜனவரியில் வேறொரு காட்சி. ஷாங்ஹாய் வணிகர்களிடம் மிஞ்சியிருந்த இந்திய அபினை அரசாங்கம் விலை கொடுத்து வாங்கியிருந்தது. 1,200க்கும் மேற்பட்ட பெட்டிகள். அதை மருந்துக்கு என்ற பெயரில் திரும்பச் சந்தைக்கு விடலாம் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எல்லாவற்றையும் எரிக்க முடிவானது. ஆற்றுக்கு அக்கரையில் புடோங்கில் உலைகள் கட்டினார்கள். மேற்பார்வை பார்க்க அரசாங்கம் அனுப்பியவர்களில் ஒருவர் வூ. பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது அபின்தானா என்று சோதித்து, பிறகு நெருப்பில் போட்டார்கள். எண்பது ஆண்டுக்கு முன்னால், 1839இல், லின் செக்ஸு என்ற அதிகாரி அபினை அழித்ததற்குப் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. 1919இல் எந்தக் கப்பலும் வரவில்லை.

முழு வெற்றி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அதே காலத்தில் சீனாவின் பல மாநிலங்களில் ராணுவத் தளபதிகள் விவசாயிகளைக் கட்டாயப்படுத்தி அபின் செடி பயிரிட வைத்தார்கள். படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேணும் இல்லையா? சட்டப் புத்தகத்தில் அபின் குற்றம். வயலில் அதுவே வரி.

மீண்டும் ஈப்போ

1937இல் ஜப்பான் சீனாவுக்குள் புகுந்தபோது வூ மலாயாவுக்குத் திரும்பினார். மாநாடு நடத்திய அதே ஈப்போவில் ஒரு கிளினிக் திறந்தார். 58 வயது. சீனாவில் பிளேக் தடுப்புச் சேவையை நடத்தியவர், சீன மருத்துவர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர், 1935இல் நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டவர். ஈப்போக்காரர்களுக்கு அவர் பக்கத்துத் தெரு டாக்டர்.

ஊரில் சண்டு இன்னும் விற்பனையில் இருந்தது. ஆனால் பெயர் பதிவு செய்த ஆட்களுக்கு மட்டும், அளவோடு. அந்தச் சிறிய மாற்றத்துக்கு முப்பது ஆண்டு.

ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் சட்டம் இரண்டாவது முறையாக அவர் கதவைத் தட்டியது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் இருந்த போராளிகள் அவரைப் பிடித்துவைத்துப் பணயத்தொகை கேட்டார்கள். பணம் கொடுத்து வெளியே வந்தார். வந்தவுடன், போராளிகளுக்குப் பணம் கொடுத்து உதவினார் என்று ஜப்பானியர்கள் அவர் மீதே வழக்குத் தொடுக்கப் பார்த்தார்கள். கடத்தப்பட்டவர் குற்றவாளி! முன்பு ஒரு ஜப்பானிய அதிகாரிக்குச் சிகிச்சை அளித்திருந்தார். அந்த நன்றிதான் அவரைக் காப்பாற்றியது.

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943 நவம்பரில், திரும்பப் பிடிக்கும் பகுதிகளில் அபின் புகைப்பதை முழுவதுமாகத் தடை செய்யப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1946இன் தொடக்கத்தில் அது சட்டமானது. அபின் வைத்திருப்பதும் குற்றம், புகைக்கும் குழாய் வைத்திருப்பதும் குற்றம். ஈப்போ மாநாட்டுக்கு நாற்பது ஆண்டுக்குப் பிறகு, வூ கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் கிடைத்தது அவர் கேட்டதேதானா என்பது எனக்குச் சந்தேகம்தான். இருபது முப்பது ஆண்டாக அரசாங்கக் கடையில், அரசாங்க முத்திரை போட்ட சண்டுவை வாங்கிப் புகைத்த ஒரு கிழட்டு ரிக்‌ஷாக்காரரை நினைச்சுப் பாருங்க. உள்ளங்கை காய்த்துப்போனவர், குடும்பம் சீனாவில், தங்குவது மாடியில் ஒரு பலகை அறையில். ஒரு நாள் காலையில் கடை மூடியிருக்கிறது. உடம்பு கேட்கிறது. இருட்டில் எங்கேயோ வாங்குகிறார். பிடிபடுகிறார். அவருக்கு விற்றவர்களில் யாரும் கூண்டில் ஏறவில்லை. அரசாங்கத்தை யார் கூண்டில் ஏற்றுவது?

இப்படிப் பிடிபட்டவர்களைச் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவில் ஒரு மையம் திறக்க 1955 வரை ஆனது. தடைச் சட்டம் முதலில் வந்தது, மருத்துவமனை ஒன்பது ஆண்டு கழித்து வந்தது. பிற்பாடு சட்டங்கள் இன்னும் கடுமையாயின. 1973இல் சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம், 1975 முதல் கடத்தலுக்கு மரண தண்டனை. மலேசியாவில் 1983 முதல் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை, 2023இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டு நீதிபதிகளின் முடிவுக்கு விடப்பட்டது. இந்தக் கோடு இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

வூ அதையெல்லாம் பார்க்கவில்லை. 1959இல் தன் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தலைப்பிலேயே பிளேக் இருந்தது, அபின் இல்லை. எண்பது வயதில் பினாங்குக்கே திரும்பி வந்த அவர், 1960 ஜனவரி 21ஆம் தேதி அங்கே காலமானார்.

அடுத்த முறை ஜார்ஜ் டவுன் போனால் சூலியா ஸ்ட்ரீட்டில் நடந்து பாருங்க. ராத்திரியில் வான்தான் மீ கடைகள் இருக்கும், பயணிகள் தங்கும் விடுதிகள் இருக்கும். பழைய கடைவீடுகளும் நிறைய இருக்கின்றன. அதில் ஏதோ ஒன்றின் மருந்து அறையில்தான் அந்த ஒரு அவுன்ஸ் பாட்டில் இருந்தது.